பதினேழாவது பிழை

6 பிப்ரவரி 2024, செவ்வாய்

காலை இரத்த அழுத்தம் 138/84. மூக்குக் கண்ணாடியின் இடப்பக்கத் திருகு மீண்டும் கழன்றது. ஜனவரி 23 அன்று கண்ணாடிக் கடைக்காரர் "இனிமே கழலவே கழலாது" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன அதே திருகு. அவருடைய "இனிமே" பதினான்கு நாள் தாங்கியிருக்கிறது.

மாலை நாலரைக்கு மாடியில் குடியிருக்கும் சினிமா இயக்குநர் – இனி தாடி – இறங்கி வந்தார். படத்தைத் தொகுத்து முடித்துவிட்டாராம். ஒலிச் சேர்ப்பு மட்டும் பாக்கியாம். சனிக்கிழமை பதினொரு மணிக்கு வேண்டியவர்களுக்கு மட்டும் போட்டுக் காட்டுகிறாராம்.

"சார், நீங்க கண்டிப்பா வரணும். முப்பத்தாறு வருஷம் ரத்தத்தோடயே குடித்தனம் பண்ணவர் நீங்க. தப்பு எங்கே இருந்தாலும் தயங்காம சொல்லணும்."

இரத்த வங்கியில் தலைமைத் தொழில்நுட்பராக ஓய்வு பெற்றவனை இப்படியும் அறிமுகப்படுத்தலாம் போலும். தயங்காமல் சொல்லும்படி என்னிடம் யாரும் கேட்டுக்கொள்ளத் தேவையில்லை என்று மட்டும் சொன்னேன்.

இந்தக் கூத்து தொடங்கியது சென்ற செப்டம்பர் 12 அன்று. தண்ணீர்த் தொட்டியின் குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போன தாடியை என் மனைவி படிக்கட்டில் வழிமறித்தாள். திட்டவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். தாடி இரண்டு படி பின்வாங்கி, "அம்மா, இந்தப் பார்வையைத்தான் ஆறு மாசமா ஊரெல்லாம் தேடிட்டு இருக்கேன்" என்றார். தொலைபேசி நிலையத்தில் இருபத்தெட்டு ஆண்டு முகம் தெரியாமல் குரலாக மட்டும் வேலை பார்த்தவள், அறுபத்து நான்காம் வயதில் முகத்தைக் காட்டப் போனாள். எதற்கு? காட்டேரி வேடத்துக்கு. பத்தொன்பது நாள் படப்பிடிப்பு. நான் ஒரு நாளும் போய்ப் பார்க்கவில்லை, அழைப்பும் இல்லை.

9 பிப்ரவரி, வெள்ளி

புதிய குறிப்பேடு வாங்கினேன். கோடு போட்டது.

10 பிப்ரவரி, சனி

பதினொரு மணிக் காட்சி 11.26க்குத் தொடங்கியது. ஒலிப்பதிவுக் கூடத்தின் பின்புறம் ஓர் அறை. இருபத்து நான்கு இருக்கைகள், அவற்றில் ஒன்றுக்கு முதுகு இல்லை. குளிரூட்டியிலிருந்து சொட்டிய நீருக்கு ஒரு வாளி வைத்திருந்தார்கள். அன்று திரையில் கண்டதில் பாதியைவிட அந்த வாளி நம்பத்தக்கதாக இருந்தது.

படத்தின் பெயரை இங்கே எழுதி அதற்கு ஒரு மரியாதை செய்ய எனக்கு விருப்பமில்லை. கதை இது: இருநூறு ஆண்டுகளாக அறுபத்து நான்கு வயதிலேயே நின்றுபோன ஒரு காட்டேரி, தங்கும் விடுதி நடத்துகிறாள். விடுதியில் தங்குபவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாகிறார்கள். ஒன்பது பேர் செத்த பிறகும் பத்தாவது ஆள் பெட்டியும் கையுமாக வந்து, "ரூம் காலியா இருக்கா?" என்று கேட்கிறான். காலியாக இல்லாமல் எங்கே போகும்?

இரத்தம் – இதைப் பற்றி எழுதக் கை கூசுகிறது. படம் முழுவதும் ஒரே நிறம். தக்காளிச் சாற்றுக்குப் பட்டுச் சேலை கட்டியது போல. நேற்றுச் செத்தவன் கழுத்திலும் அதே சிவப்பு, இன்று செத்தவன் கழுத்திலும் அதே சிவப்பு. இரத்தம் உறையும், காயும், பழுப்பாகும் என்பதை ஒருமுறையேனும் விரலை அறுத்துக்கொண்ட எவரும் அறிவார். இவர்கள் யாரும் வாழ்க்கையில் காய்கறிகூட நறுக்கியதில்லை போலும். மருத்துவமனையிலிருந்து காட்டேரி திருடி வரும் இரத்தப் பையில் சேகரித்த நாளுக்கும் காலாவதி நாளுக்கும் இடையே அறுபது நாள். முப்பத்தைந்து நாளுக்கு மேல் அந்தப் பையை நான் வைத்திருந்தால் என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அப்படிப்பட்ட பைகளில் பதினொன்றை அவள் ஒரே மூச்சில் குடிக்கிறாள். ஏறத்தாழ ஐந்து லிட்டர். குடித்துவிட்டு மாடிப்படி ஏறுகிறாள்.

சுவர் நாட்காட்டியில் வியாழன்; மறுநாள் காட்சியில் சனி. கையிலுள்ள மெழுகுவர்த்தி எரிய எரிய வளர்கிறது. வௌவாலுக்கு நூல் தெரிகிறது. கதவு திறக்கும்போதெல்லாம் வயலின் அலறுகிறது. ஒருமுறை கதவைத் திறந்தவர் பால்காரர். அவருக்கும் அலறுகிறது.

பொய்ப் பல்லை மாட்டிக்கொண்டு என் மனைவி பேசும் வசனங்களில் பாதி புரியவில்லை. மீதியும் புரியாமல் இருந்திருக்கலாம்.

ஒரு காட்சியில் மட்டும் பல் இல்லை. விடுதியின் கடைசி அறையில் ஒரு வயதான தையற்காரர் நோயால் சாகக் கிடக்கிறார். இவள் கடித்ததால் அன்று, தானாகவே. அவள் கட்டிலின் ஓரம் உட்கார்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாள். இசை இல்லை, வெட்டும் இல்லை. ஒரே பார்வையில் நீண்டு போகிறது. நாடி நிற்கும்வரை பிடித்திருந்துவிட்டு, கையைப் போர்வைக்குள் வைத்து, போர்வையின் மடிப்பைச் சரிசெய்துவிட்டு எழுந்து போகிறாள். பிடித்தது கட்டைவிரலால். கட்டைவிரலால் நாடி பார்க்கக் கூடாது; கட்டைவிரலுக்குச் சொந்த நாடி உண்டு, பார்ப்பவர் தம் துடிப்பையே எண்ணிவிடுவார் என்பது பயிற்சியின் முதல் வாரப் பாடம். இதை அவளிடம் நானே சொல்லியிருக்கிறேன், 2019இல்.

ஒவ்வொரு பிழைக்கும் கடிகாரம் பார்த்து நேரம் குறித்தேன். இதற்கு மட்டும் நேரம் விட்டுப்போயிற்று. கண்ணாடித் திருகைச் சரிசெய்துகொண்டிருந்திருப்பேன்.

வீடு திரும்பும்போது வண்டியில் கேட்டாள்: "எப்படி இருந்தது?"

"நிறைய இருக்கு. எழுதித்தான் தரணும்."

"படத்தைக் கேக்கலை."

"பின்னே எதை?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வழியில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. சாலையில் பள்ளம் தோண்டியிருந்தார்கள்.

11 பிப்ரவரி, ஞாயிறு

பட்டியல் முடிந்தது. நாற்பத்தேழு.

இரத்த வங்கியில் பிழைப் பதிவேடு என்று ஒன்று இருந்தது. வரிசை எண், நேரம், பிழை, நடவடிக்கை என்று நான்கு பத்திகள். நடவடிக்கைப் பத்தியில் இரண்டே சொற்களுக்குத்தான் இடம்: பையில் ஒட்டிய சீட்டு மாறியிருந்தால் "திருத்துக"; பையே சந்தேகத்துக்குரியதென்றால் "நீக்குக". சரியாக நடந்தவற்றுக்குப் பத்தி கிடையாது. சரி என்பது செய்தி அன்று. அதே முறையில் இதையும் எழுதினேன். நாற்பத்து நான்குக்குத் திருத்துக. மூன்றுக்கு நீக்குக: வௌவால், நடுவே வரும் கனவுப் பாட்டு, கட்டைவிரல். கட்டைவிரல் அந்தக் காட்சி முழுவதும் கண்ணெதிரே இருப்பதால் காட்சியையே நீக்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

12 பிப்ரவரி, திங்கள்

திருகு. மீண்டும்.

14 பிப்ரவரி, புதன்

பட்டியலைத் தாடியிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே ஏழு பக்கத்தையும் படித்தார். முகம் வெளிறியது, அவர் படத்தில் ஒரு பிணத்துக்கும் இவ்வளவு சரியான நிறம் அமையவில்லை.

"சார், படம் பார்க்கும்போது ஒரு இடத்துலகூட… ஒண்ணும் தோணலையா?"

"தோன்றியதெல்லாம் அதில் இருக்கிறது."

"எல்லாத்துக்கும் மணி, நிமிஷமெல்லாம் போட்டிருக்கீங்க. பதினேழுக்கு மட்டும் இல்லையே?"

விட்டுப்போயிற்று என்றேன். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நன்றி சொன்னார் என்றே நினைக்கிறேன்.

29 பிப்ரவரி, வியாழன்

நான்காண்டுக்கு ஒருமுறை வரும் நாள். தாடியின் நாட்காட்டியில் வராது.

9 மார்ச், சனி

இரண்டாம் முறை போட்டுக் காட்டினார். அதே அறை, அதே வாளி. மகளும் வெளியூரிலிருந்து வந்திருந்தாள். அம்மாவைப் பெரிய திரையில் பார்க்கவேண்டுமாம்.

வியாழனை அடுத்துச் சனிதான் வந்தது. மெழுகுவர்த்தி வளர்ந்தது. நூலுடன் வௌவால் பறந்தது. அறுபது நாள் பை அப்படியே. நாற்பத்தேழில் எதையுமே தொடவில்லை என்று பொருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தையற்காரர் இருமினார். அடுத்த காட்சியில் அவர் அறை காலியாக இருந்தது.

காட்சி இல்லை.

விளக்குப் போட்டதும் மகள் கேட்டாள்: "அம்மா, அந்தத் தையல்காரர் சீன்னு சொன்னியே, எங்கே?" என் மனைவி மடியில் இருந்த பையின் பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

தாடியே வந்தார். பெருமையாகச் சொன்னார்: "எடுத்துட்டேன்மா. சார் லிஸ்ட்ல இருந்தது. மத்ததெல்லாம் திருப்பி ஷூட் பண்ணணும், அதுக்கு வழியில்லை. வௌவால் டிரெய்லர்ல வந்துடுச்சு. பாட்டு ஏற்கெனவே வெளியாயிடுச்சு. இது ஒண்ணுதான் வெட்டினாலும் கதை நிக்காம ஓடுது. சார் சொன்னது ஒண்ணாவது சரிபண்ணிட்டோம்னு இருக்கணும்ல?"

"எத்தனாவது?" என்று கேட்டாள் என் மனைவி.

"பதினேழுமா."

அப்போது என் பக்கம் திரும்பி, மிகச் சாதாரணமாக, தொலைபேசியில் எண் கேட்பவளைப் போல, "பதினேழாவது நான்தானா?" என்றாள்.

கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வேடிக்கை என்று எண்ணிவிட்டார்கள்.

10 மார்ச், ஞாயிறு

அவள் பேசவில்லை. சாப்பாடு வருகிறது, மாத்திரை வருகிறது, மடித்த துணி வருகிறது. சொல் மட்டும் வரவில்லை. நான் செய்த குற்றம்தான் என்ன? கேட்டார்கள், சொன்னேன். தயங்காதீர்கள் என்றார்கள், தயங்கவில்லை. கட்டைவிரல் தவறு என்றால் தவறுதானே? மனைவியின் கட்டைவிரல் என்பதற்காக மருத்துவம் மாறிவிடுமா?

12 மார்ச், செவ்வாய்

மகள் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். போனில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, அந்த ஒரு சீனுக்கு மூணு நாள் எடுத்தாங்க, தெரியுமா? இருபத்தாறு டேக். அம்மா வீட்டுக்கு வந்து உங்ககிட்ட சொல்லலையா?"

"முதுகு வலி என்று சொன்னாள். தைலம் எடுத்துக் கொடுத்தேன்."

"கடவுளே. அந்தப் படத்துல பல்லைக் காட்டி உறுமறதுக்கு ஆள் கிடைக்காதா? அந்த ஒரு சீனுக்காகத்தான் சரின்னு சொன்னேன்னு அம்மா எங்கிட்ட சொன்னாங்க. அதைப் போய் நீங்க…"

"நான் நீக்கவில்லை, தாடி நீக்கினார்."

"நீக்குகன்னு எழுதினது யாருப்பா?"

தொடர்பு அறுந்தது. அல்லது துண்டித்தாள்.

15 மார்ச், வெள்ளி

காலை நடைக்குப் பின் மருத்துவர் சொன்னபடி நாடி எண்ண உட்கார்ந்தேன். சுட்டுவிரல், நடுவிரல். நிமிடத்துக்கு 74. அப்படியே கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன், ஏன் வைத்தேன் என்று தெரியாது. துடிப்பு குழம்பியது, எது மணிக்கட்டு, எது விரல் என்று பிரிக்க இயலவில்லை. பாடப்புத்தகம் சொல்வது அப்படியே சரி. கட்டைவிரலுக்குச் சொந்த நாடி உண்டு.

எழுந்தவன் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

உயிருள்ளவரின் கட்டைவிரலுக்கு.

பட்டியலை எடுத்தேன். ஒன்பதாவது பிழை, என் கையெழுத்தில்: "11.58 – விடுதியில் தங்கும் டாக்டர் காட்டேரியின் நாடியைத் தேடுகிறார், இல்லை. நாடியே இல்லாதவளுக்கு அடுத்த காட்சியில் கோபத்தால் முகம் சிவப்பது எங்ஙனம்?" ஒன்பதில் அவளுக்கு நாடி இல்லை என்று எழுதிய அதே கை, பதினேழில் அவள் தன் நாடியை எண்ணிவிடுவாள் என்று எழுதியிருக்கிறது. இருநூறு ஆண்டு முன்பே செத்தவளுக்கு எந்த விரலானால் என்ன? அவள் கட்டைவிரலில் கேட்பது அந்த மனிதனின் துடிப்பு ஒன்றுதான். வேறு சத்தமே அங்கே இல்லை. உலகத்தில் கட்டைவிரலால் நாடி பார்க்கத் தகுதி உள்ளவள் அவள் ஒருத்தி.

முப்பத்தாறு ஆண்டு. பயிற்சிக்கு வந்தவன் எவனாவது இப்படி ஒரு பதிவு போட்டிருந்தால் அவனை வராந்தாவில் நிறுத்தி அவன் காது சிவக்கப் பேசியிருப்பேன். மடத்தனம். இதைவிடக் கடுமையான சொல் ஒன்று தெரியும், குறிப்பேட்டில் எழுதுவதில்லை.

அவள் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். போய் நின்றேன்.

"அந்தக் கட்டைவிரல்… தெரிஞ்சேதான் வெச்சியா?"

ஆறு நாளுக்குப் பிறகு வாய் திறந்தாள். "நாப்பத்தொரு வருஷமா உங்க கூட இருக்கேன். எந்த விரலால பார்க்கணும்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப அன்னைக்கே அந்தத் தாடிகிட்ட சொல்லியிருக்கலாமே. காரணம் இருக்குன்னு."

"காரணம் சொல்லிக்கிட்டா நடிப்பாங்க?" ஒரு போர்வையை உதறினாள். மறுமுனையை நான் பிடிக்கவேண்டும் என்பது எனக்குச் சற்றுப் பிந்தியே புரிந்தது. பிடித்தேன். "ஆஸ்பத்திரில உங்க கையை அப்படிப் பிடிச்சேன். அன்னைக்கு என்ன சொன்னீங்க?"

2019 ஆகஸ்ட் 13, செவ்வாய். நெஞ்சுவலி என்று நான்கு நாள் படுத்திருந்தேன். "உன் நாடியைத்தான் நீ எண்ணிட்டு இருக்கேன்னு சொன்னேன்."

"எண்ணவா பிடிச்சேன்?"

போர்வையை மடித்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

16 மார்ச், சனி

தாடியின் தொகுப்பறைக்குப் போனேன். மூன்றாம் மாடி, மின்தூக்கி வேலை செய்யவில்லை. அறை முழுக்கப் பழைய காப்பி வாடை. தாடியுடன் படத்தொகுப்பாளர் இருந்தார். கழுத்தில் ஒலி கேட்கும் தலையணிக் கருவியை மாட்டிக்கொண்டே பிறந்தவர் போன்ற ஒரு பெண்மணி.

பதினேழாம் பதிவு தவறு, காட்சியைத் திரும்பச் சேர்க்கவேண்டும் என்றேன். காரணத்தை மூன்று வாக்கியங்களில் விளக்கினேன்.

தாடி விழித்தார். "சார், திங்கக்கிழமை ஒலி மிக்ஸிங் ஆரம்பிக்குது. படம் பூட்டியாச்சு, இனிமே வெட்டவோ ஒட்டவோ முடியாது."

"பூட்டியதைத் திறக்கச் சாவி இருக்கும்."

அந்தப் பெண்மணி நாற்காலியைச் சுழற்றி என்னைப் பார்த்தார். "ஓ. நாப்பத்தேழு சார் நீங்கதானா?"

"ஆம்."

"அந்த சீனை எடுக்காதீங்கன்னு இவர்கிட்ட ரெண்டு நாள் சண்டை போட்டேன். நிபுணரே சொல்லிட்டாரு, நிபுணரே சொல்லிட்டாருன்னு என் வாயை அடைச்சுட்டாரு. இப்ப நிபுணர் வந்து வேற சொல்றாரு. நாளைக்கு மறுபடி மாத்தமாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

"நான் சொல்லை மாற்றுகிறவன் இல்லை."

"இப்ப மாத்திட்டுத்தான் நிக்கறீங்க."

தாடி தாடியைச் சொறிந்தார். நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அதுதான் அந்த மனிதரின் முழு வாழ்க்கை என்று நினைக்கிறேன்.

பெண்மணியே முடிவு சொன்னார்: "இவருக்கு எழுத்துல இருந்தாத்தான் வேதவாக்கு. தப்பை எழுதின மாதிரி நல்லதையும் எழுதிக் குடுங்க சார். அதே மாதிரி கோடு போட்டு, நம்பர் போட்டு. நாளைக்கு சாயந்தரத்துக்குள்ள வந்தா நான் சேர்த்துடறேன். வரலைன்னா அவ்வளவுதான்."

17 மார்ச், ஞாயிறு

காலை ஏழரைக்கு உட்கார்ந்தேன். அளவுகோல் வைத்துப் பத்தி போட்டேன். தலைப்பாக "நிறைகள்" என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. இப்படி ஒரு பத்தியை வாழ்நாளில் நான் போட்டதில்லை. பிழை கண்ணில் வந்து குத்துகிறது. இதைத் தேடிப் போகவேண்டியிருக்கிறது. தேடியும், இந்தப் படத்திலா?

பதினொன்றேகாலுக்கு இது தேறியது:

1. காட்டேரி இளம்பெண் அன்று, கிழவி. நரம்பு தேடக் கண்ணாடி போட்டுக்கொள்கிறாள். அறுபத்து நான்கு வயதில் கண்ணாடி இல்லாமல் நரம்பு அகப்படாது. உண்மை.

2. மூன்றாமவர் செத்ததும் மற்றவர்கள் அலறவில்லை. செத்தவரின் ஜன்னலோர அறை யாருக்கு என்று சண்டை போடுகிறார்கள். மனிதரை இயக்குநர் ஓரளவு அறிந்திருக்கிறார், இரத்தத்தைவிட.

3. பத்தொன்பதாம் நிமிடத்தில் தலையணை உறையில் உள்ள கறை பழுப்பு. சரியான நிறம். தற்செயலாக இருக்கலாம்.

4. தையற்காரர் காட்சி. (பதிவு 17 இத்துடன் திரும்பப் பெறப்படுகிறது.) படத்தின் கணக்குப்படி அவள் ஒன்பது நாள் பட்டினி. கையில் ஒரு மணிக்கட்டு. கேட்பாரில்லை. குடிக்கவில்லை. ஏன் என்று வசனமும் இல்லை, இசையும் இல்லை. பசியை மற்ற எல்லாக் காட்சிகளும் பல்லால் காட்டுகின்றன. இது ஒன்றுதான் கையால் காட்டுகிறது. அவள் கட்டைவிரலில் அந்த மனிதனின் துடிப்பைத் தவிர வேறெதுவும் கேட்காது. அதனால் அது நிற்கும் கணம் அவளுக்கு ஒருத்திக்கு மட்டுமே முழுதாகத் தெரிகிறது. அந்த முகத்தில் அது தெரிந்தது. இப்படத்தில் எனக்கு அச்சம் ஏற்பட்ட இடம் இது ஒன்றே. இந்தக் காட்சி எத்தனை நிமிடம் என்று தெரியாது. கடிகாரம் பார்க்க மறந்தேன். திருகைச் சரிசெய்துகொண்டிருக்கவில்லை.

நடவடிக்கை: சேர்க்க.

அந்தச் சொல்லுக்கு என் பதிவேட்டில் முன்மாதிரி இல்லை. மூன்று மாடியும் ஏறி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மாலை 3.50.

19 மார்ச், செவ்வாய்

சேர்த்துவிட்டார்களாம். தாடி வந்து சொன்னார். என்னிடம் அன்று, அவளிடம். நான் உள்ளறையில் செய்தித்தாள் படிப்பதாக இருவருக்கும் எண்ணம். நாலாவதை அவளுக்கு வாய்விட்டுப் படித்தே காட்டினார் அந்த மனிதர். என் வாக்கியங்களை அவர் வாயில் கேட்பது பொய்ப் பல் கட்டிய வசனம் கேட்பது போலவே இருந்தது. நிறுத்தற்குறி ஒன்றையும் மதிக்கவில்லை.

அவர் போனபின் உள்ளே வந்தாள்.

"ரெண்டு மணி நேரப் படத்துல நல்லது நாலுதானா?"

"தேடினேன். நாலுதான்."

அவள் உதட்டோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று பதிவு செய்ய எனக்குத் துணிவில்லை. பிறகு சொன்னாள்: "எங்கிட்ட சொல்றதுக்கு வாய் வரலை, இல்ல? கோடு போட்டு, நம்பர் போட்டு, அந்தத் தம்பிகிட்டதான் சொல்லணும்."

சொல்லத்தான் இருந்தேன். என்ன சொல்வது? எல்லாவற்றையும் தாளில் எழுதியாகிவிட்டது. எழுதியதைத் திரும்பச் சொல்வது கூறியது கூறல்.

பேச்சு தொடங்கிவிட்டது என்றாலும் சிக்கனமாக. நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு சொல். எண்ணவில்லை, சுமாராகச் சொல்கிறேன்.

2 ஏப்ரல், செவ்வாய்

இன்று பதினெட்டுச் சொல். எண்ணினேன்.

26 ஏப்ரல், வெள்ளி

படம் வெளியானது. அவள் வரவில்லை. "நான் பார்த்தாச்சு. நீங்க போய்ப் பாருங்க." பதினொன்றரைக் காட்சிக்குத் தனியாகப் போனேன். ஏறத்தாழ அறுநூறு இருக்கை. நூற்று இருபது பேர் இருப்பார்கள். என் முன்வரிசையில் ஒருவன் கைப்பேசியின் வெளிச்சத்தில் இன்னொரு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சீட்டு வாங்கி உள்ளே வந்து வேறு படம் பார்ப்பவனை எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

வௌவாலைக் கண்டு அரங்கமே சிரித்தது. பால்காரர் வந்தபோது வயலினோடு சேர்ந்து ஒரு கூட்டம் அலறியது. பதினொரு பையையும் அவள் குடிக்கும்போது பின்னாலிருந்து ஒருவன், "பாட்டி, போதும், வயிறு வெடிச்சிடும்" என்றான். அவன் கணக்கு சரி. தாடிக்கு இந்தக் கூட்டம் தகும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு தையற்காரர் அறை.

தின்பண்டப் பொட்டலங்களின் சரசரப்பு நின்றது. முன்வரிசைக் கைப்பேசி அணைந்தது. "பாட்டி" என்றவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. நூற்று இருபது பேர் மூச்சு விடாமல் ஒரு கிழவியின் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் என் மனைவி என்பது அங்கே எவருக்கும் தெரியாது. சற்று நேரத்துக்கு எனக்கும் தெரியவில்லை. போர்வையின் மடிப்பை அவள் சரிசெய்தபோதுதான் தெரிந்தது. நம் வீட்டில் மடிப்பது போலவே மடித்தாள்.

வீட்டுக்கு வந்தேன். வழி நெடுகச் சொல்லவேண்டியதை வாக்கியமாக அமைத்துக்கொண்டே வந்தேன். எழுவாய், பயனிலை எல்லாம் சரியாக. அவள் கதவைத் திறந்தாள்.

"எப்படி?"

"அறுநூறு இருக்கை. நூத்தி இருபது பேர் இருந்தாங்க."

"சரி" என்றாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

கோழை. நூற்று இருபது பேரை எண்ணத் தெரிந்த கோழை.

28 ஏப்ரல், ஞாயிறு

ஒரு செய்தித்தாளில் விமரிசனம். "படம் ஒரு தலைவலி, அதில் ஒரே ஒரு காட்சி மருந்து" என்று எழுதியிருக்கிறான். மேலோட்டமான ஆள், நாட்காட்டிப் பிழையைக் கவனிக்கவேயில்லை. ஆயினும் அந்தப் பக்கத்தை வெட்டி அவள் மேசையில் வைத்தேன். வெட்டும்போது ஓரம் சற்றுக் கோணலாகிவிட்டது.

6 மே, திங்கள்

அவளுக்கு இன்னொரு படம் வந்திருக்கிறது. வேறோர் இயக்குநர், தாடி இல்லாதவர். காட்டேரி இல்லை, பேய் இல்லை. பேருந்து மோதிக் கணவனைக் கண்ணெதிரே பறிகொடுத்தவள் அந்த ஓட்டுநரை ஐந்தாண்டு கழித்துத் தேடிப் போகிறாள். எட்டுப் பக்கம் வசனம் அனுப்பியிருந்தார்கள். முதல் பக்கத்திலேயே இரண்டு தேதிகள் பொருந்தவில்லை. பென்சிலை எடுத்தேன்.

"பென்சிலைக் கீழே வைங்க" என்றாள். "டிரைவர் வசனத்தை நீங்க படிங்க. எதிர்ல ஆள் இல்லாம எனக்கு வராது."

காலை பத்துக்குத் தொடங்கினோம். அவள் நாற்காலியை எனக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஓட்டுநரின் முதல் வசனம் ஒரே வரி: "நீ அங்க நின்னது எனக்குத் தெரியலை."

படித்தேன்.

"இல்லை. செய்தி வாசிக்கறீங்க."

மறுபடி படித்தேன்.

"தாளைப் பார்க்காதீங்க. ஒரு வரிதானே."

மூன்றாம் முறை சொல்லில் பிழை விட்டேன். நான்காம் முறை இருமல் வந்தது. ஐந்தாம் முறை, "நிறுத்தற்குறி இல்லாமல் எப்படி…" என்று தொடங்கினேன். அவள் பார்த்தாள். அந்தப் பார்வையில் தாடி ஏன் இரண்டு படி பின்வாங்கினார் என்று புரிந்தது. ஆறாம் முறை, "என்னைப் பார்த்துச் சொல்லுங்க" என்றாள்.

ஏழாம் முறை தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவளைப் பார்த்துச் சொன்னேன்.

"நீ அங்க நின்னது எனக்குத் தெரியலை."

அவள் திருத்தவில்லை. தன் வசனத்தைச் சொன்னாள்.